ஒன்பது நாளில் எவரெஸ்ட் அடிவார முகாம்: சர்க்கரை நோயுள்ளவர் போகலாமா?

மேற்கு மாவட்டம் ஒன்றிலிருந்து எழுதியிருக்கும் இந்த வாசகருக்கு 54 வயது. சொந்தமாகச் சிறு தொழிற்கூடம் நடத்துகிறார். எட்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய், நான்கு ஆண்டுகளாக இரத்த அழுத்தம். மெட்ஃபார்மின், டாபாகிளிஃப்ளோசின், டெல்மிசார்ட்டானும் ஹைட்ரோகுளோரோதயசைடும் சேர்ந்த ஒரு மாத்திரை ஆகியவற்றை எடுத்து வருகிறார். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (HbA1c) 7.4 விழுக்காடு. வெள்ளியங்கிரி மலையைப் பதினொரு முறை ஏறி இறங்கியவர். ஓட்டப்பந்தய வீராங்கனையான, கல்லூரியில் படிக்கும் மகளுடன் வரும் அக்டோபரில் நேபாளத்தின் எவரெஸ்ட் அடிவார முகாமுக்கு நடந்துபோக விரும்புகிறார். நடைபாதை தொடங்கும் விமான நிலைய ஊரான லுக்லாவில் தொடங்கி லுக்லாவிலேயே முடியும் ஒன்பது நாள் பயணத்துக்கு ஓர் ஏற்பாட்டாளர் விலை சொல்லியிருக்கிறார். அவருடைய முகவர், மருத்துவப் படிவத்தில் சர்க்கரை நோயைக் குறிப்பிட வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறார்.

வாசகரின் கேள்விகள் இவை: இந்த உடல்நிலையில் போகலாமா? கல்லூரி நாட்களில் செப்ட்ரான் மாத்திரையால் உடலெங்கும் தடிப்பு வந்ததால், உயர்மலை நோயைத் தடுக்க எடுக்கும், சல்ஃபா வகையைச் சேர்ந்ததாகச் சொல்லப்படும் டயமாக்ஸ் மாத்திரையைத் தவிர்க்க வேண்டுமா? ஆகஸ்டில் ஊட்டியில் ஒரு வாரம் தங்கினால் உடல் உயரத்துக்குப் பழகிவிடுமா? அமர்நாத் போய்வந்த உறவினர் சொன்னபடி சூடத்தை முகர்ந்துகொண்டே நடந்தால் போதுமா? மகளைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை. "அவள் ஓடுகிற பெண், அவளுக்கு ஒன்றும் ஆகாது" என்று ஒரே வரியில் கடந்துவிட்டார்.

அன்புள்ள ஐயா,

நீங்கள் போகலாம் என்றே நினைக்கிறேன். ஆனால் இந்த ஒன்பது நாள் திட்டத்தில் அல்ல, இப்போது எடுக்கும் மாத்திரைகளை அப்படியே எடுத்துக்கொண்டும் அல்ல. கடிதத்தில் நீங்கள் அதிகம் கவலைப்பட்டிருப்பது உங்கள் சர்க்கரையைப் பற்றி. எனக்கு அதைவிடப் பெரிய கவலை தருவது, நீங்கள் இணைத்து அனுப்பிய பயண அட்டவணைதான். ஆகவே அங்கிருந்தே தொடங்குகிறேன்.

காலின் பலம் வேறு, உயரம் வேறு

வெள்ளியங்கிரியைப் பதினொரு முறை ஏறிய கால்களைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். செங்குத்தான படிகளும் ஏழாம் மலையின் இறக்கமும் முழங்காலுக்கு வைக்கும் சோதனை நேபாளத்தில் உங்களுக்கு நிச்சயம் கைகொடுக்கும். ஆனால் வெள்ளியங்கிரியின் உச்சி கடல் மட்டத்திலிருந்து இரண்டாயிரம் மீட்டரைக்கூட எட்டுவதில்லை. நீங்கள் போக நினைக்கும் முகாம் இருப்பதோ சுமார் 5,364 மீட்டரில். அங்கும் காற்றில் ஆக்சிஜனின் பங்கு நம் ஊரைப் போலவே சுமார் 21 விழுக்காடுதான். குறைந்திருப்பது காற்றழுத்தம். கடல் மட்டத்தில் இருப்பதில் பாதியைச் சற்றே தாண்டும் அளவுதான் அங்கே அழுத்தம் என்பதால், ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் ஆக்சிஜனும் ஏறக்குறைய அந்த அளவுக்குக் குறைந்துவிடுகிறது.

இதற்கு ஈடுகொடுக்க உடல் முதலில் வேகமாகவும் ஆழமாகவும் மூச்சுவிடத் தொடங்கும். அப்படி மூச்சுவிடும்போது கரியமில வாயு அதிகம் வெளியேறி இரத்தம் காரத்தன்மை பக்கம் சாய்வதால், மூச்சைக் கட்டுப்படுத்தும் மூளைப் பகுதி உடனே கடிவாளம் போட்டுவிடுகிறது. சிறுநீரகங்கள் பைகார்பனேட் என்ற காரப்பொருளை வெளியேற்றி அந்தக் கடிவாளத்தைத் தளர்த்துவதற்குச் சில நாட்கள் பிடிக்கும். உயரத்துக்குப் பழகுதல் என்பதன் முதல் கட்டம் முக்கியமாக இதுதான். இதில் தசைக்கோ தினமும் எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறோம் என்பதற்கோ பங்கில்லை. உங்கள் மகளுக்கும் இது பொருந்தும். நன்றாக ஓடுகிறவர்களுக்கு உயர்மலை நோய் வராது என்பதற்கு ஆதாரம் கிடையாது. அவர்கள் பிறரைவிட வேகமாக மேலே போய்விடுவார்கள், தலைவலியைச் சொல்லவும் வெட்கப்படுவார்கள் என்பதால், ஆபத்து சில நேரம் அவர்களுக்கே கூடுதல்.

ஊட்டியில் தங்குவது உங்கள் நடைப்பயிற்சிக்கு நல்லது. உயரத்துக்குப் பழக அது உதவாது. சுமார் 2,240 மீட்டரில் ஒரு வாரத்தில் கிடைக்கும் சிறு பழக்கமும், சமவெளிக்குத் திரும்பிய சில வாரங்களுக்குள் கரைந்துவிடும். சூடம் மூக்கைத் திறந்துவிட்டதுபோல ஓர் உணர்வைத் தருமே தவிர, இரத்தத்தில் ஆக்சிஜனைக் கூட்டாது. முகர்வதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், சூடத்தை விழுங்கினால் வலிப்பு வரும், அது நஞ்சு. கடைகளில் விற்கும் சிறு ஆக்சிஜன் டப்பாவும் சில நிமிடங்களுக்குமேல் வராது.

அந்த அட்டவணையில் என்ன தவறு?

உயரத்தில் நடக்கும்போது பகலில் எவ்வளவு ஏறினோம் என்பதைவிட, இரவில் எந்த உயரத்தில் படுக்கிறோம் என்பதே முக்கியம். 3,000 மீட்டருக்கு மேல் போனபின் படுக்கும் உயரத்தை ஒரு நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பதும், மூன்று நான்கு நாட்களுக்கு ஒரு முறை அதே உயரத்தில் இன்னோர் இரவு தங்க வேண்டும் என்பதும் உயர்மலை மருத்துவர்கள் பொதுவாக ஏற்றுக்கொண்ட விதிகள்.

உங்கள் அட்டவணையில் முதல் இரவு பாக்டிங், சுமார் 2,610 மீட்டர். இரண்டாம் இரவு நாம்சே பஜார், 3,440. மூன்றாவது டெங்போச்சே, 3,860. நான்காவது டிங்போச்சே, 4,410. ஐந்தாவது லோபுசே, 4,910. ஆறாவது கோரக் ஷெப், 5,164. நாம்சேயிலிருந்து ஒவ்வொரு நாளையும் தனித்தனியே பார்த்தால் விதியை ஏறக்குறைய ஒட்டியே போவதுபோலத் தோன்றும்; பார்க்கிறவரை ஏமாற்றும் இடமும் அதுதான். ஓய்வு நாள் என்று ஒன்றுகூட அதில் இல்லை. ஐந்தே நாளில் படுக்கும் உயரம் 2,550 மீட்டர் கூடிவிடுகிறது. வழக்கமாக இந்தப் பாதையில் நாம்சேயில் இரண்டு இரவும் டிங்போச்சேயில் இரண்டு இரவும் தங்குவார்கள். உங்கள் ஏற்பாட்டாளர் விலையைக் குறைக்க வெட்டியது அந்த இரண்டு நாட்களைத்தான்.

நானாக இருந்தால் உங்களுக்கு இப்படி வகுத்துத் தருவேன். பாக்டிங்கில் ஓர் இரவு, நாம்சேயில் மூன்று, டெங்போச்சேயில் ஒன்று, 3,985 மீட்டரில் உள்ள பாங்போச்சேயில் ஒன்று, டிங்போச்சேயில் இரண்டு, 4,620 மீட்டரில் உள்ள துக்லாவில் ஒன்று, லோபுசேயில் ஒன்று, கோரக் ஷெப்பில் ஒன்று. இறங்கும்போது பாங்போச்சே, நாம்சே, லுக்லா என்று மூன்று இரவுகள். பதினைந்தாம் நாள் காலை விமானம். நாம்சேயில் தங்கும் நாட்களில் சும்மா படுத்திராமல், பகலில் மேலே கும்ஜுங் கிராமம் வரை நடந்துவிட்டுக் கீழே வந்து தூங்குவது நல்லது.

இதோடு காத்மாண்டுவில் குறைந்தது இரண்டு நாட்களைக் கையிருப்பாக வைத்திருங்கள். லுக்லா விமானங்கள் மேகத்தைப் பார்த்துத்தான் பறக்கும். அதோடு அக்டோபர் போன்ற நெரிசல் காலத்தில் அவற்றில் பலவும் காத்மாண்டுவிலிருந்து புறப்படுவதில்லை. நான்கைந்து மணி நேரம் சாலையில் போய் ராமேசாப் மாவட்டத்தின் மந்தலி விமான நிலையத்தில் ஏற வேண்டியிருக்கும். திரும்பும் பயணச்சீட்டை நெருக்கமாகப் போட்டுவிட்டவர்கள்தான், நாளைக் காப்பாற்ற மலைமேல் தலைவலியோடு நடக்கிறார்கள்.

உங்கள் மாத்திரைகள்

பயண அட்டவணைக்கு அடுத்தபடி என்னை நிறுத்தியது டாபாகிளிஃப்ளோசின் என்ற பெயர். சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றும் நல்ல மருந்து அது. இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நன்மை செய்வது. ஆனால் சாப்பாடு குறைந்து, நீர்ச்சத்தும் குறைந்து, உடலும் கடுமையாக உழைக்கும் நேரத்தில் இது கீட்டோ அமிலத்தேக்கம் என்ற ஆபத்தான நிலைக்குக் கொண்டுபோகக் கூடும். பெரிய அறுவைச் சிகிச்சைக்குக் குறைந்தது மூன்று நாட்கள் முன்பே இதை நிறுத்தச் சொல்வதற்கும் காரணம் அதுதான். 4,000 மீட்டருக்கு மேலே பெரும்பாலோருக்குப் பசி மங்கிவிடும். நீங்களும் அரைத் தட்டு தால் பாத்தோடு, அதாவது பருப்புச் சோற்றோடு, எழுந்துவிடுவீர்கள்.

இதில் சிக்கல் என்னவென்றால், அந்த அமிலத்தேக்கத்தின் அறிகுறிகள் குமட்டல், வாந்தி, அளவுமீறிய சோர்வு, வேகமான மூச்சு. உயர்மலை நோயின் அறிகுறிகளோடு இவை குழம்பிவிடும். வழக்கமான சர்க்கரை நெருக்கடியைப் போலக் கருவியில் 400, 500 என்றும் காட்டாது. சர்க்கரை ஏறக்குறைய இயல்பாக இருக்கும்போதே இது வரலாம். வழிகாட்டியும் ஏமாறுவார், நீங்களும் ஏமாறுவீர்கள். ஆகவே இந்த மருந்தைப் பயணத்துக்கு முன்பே நிறுத்தி மாற்று ஏற்பாடு செய்ய முடியுமா என்று உங்கள் சர்க்கரை மருத்துவரிடம் கேளுங்கள். அந்த மாற்றத்தையும் கிளம்புவதற்கு இரண்டு மாதம் முன்பே செய்து, சர்க்கரை எப்படி நிற்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம்.

இரத்த அழுத்த மாத்திரையில் சேர்ந்திருக்கும் ஹைட்ரோகுளோரோதயசைடும் சிறுநீரைப் பெருக்குவது. டயமாக்ஸும் அதே வேலையைச் செய்யும். இரண்டும் சேர்ந்தால் நீர்ச்சத்தும் பொட்டாசியமும் இறங்கக் கூடும். மேலே போகும் முதல் நாட்களில் இரத்த அழுத்தம் சற்று ஏறுவதும் இயல்பு என்பதால், மாத்திரையை விட்டுவிடவும் முடியாது. அந்தக் கலவை மாத்திரைக்கு மாற்று உண்டா என்பதையும் அதே சந்திப்பில் பேசிவிடுங்கள்.

54 வயது, சர்க்கரை, இரத்த அழுத்தம் மூன்றும் சேர்ந்த ஒருவரை, இதயத்துக்கான டிரெட்மில் பரிசோதனை இல்லாமல் மலைக்கு அனுப்ப நான் சம்மதிக்க மாட்டேன். கண் மருத்துவரிடம் கண்பாவையை விரித்து விழித்திரையையும் பார்த்துக்கொள்ளுங்கள். அதிக உயரத்தில் விழித்திரையில் இரத்தக் கசிவு ஏற்படுவது உண்டு, சர்க்கரையால் ஏற்கெனவே பழுதுபட்ட இரத்தக் குழாய்கள் அங்கிருந்தால் நிலைமை வேறு. பாதத்தில் உணர்வு குறைந்திருக்கிறதா என்பதையும் சோதிக்கச் சொல்லுங்கள், புதுக் காலணியின் கொப்புளம் தெரியாமலே புண்ணாகிவிடக் கூடாது. சர்க்கரை பார்க்கும் கருவியையும் பட்டைகளையும் சட்டைக்குள் உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். குளிரில் அவை தவறான எண்ணைக் காட்டும்.

டயமாக்ஸும் சல்ஃபா ஒவ்வாமையும்

டயமாக்ஸ், அதாவது அசிட்டசோலமைடு, வலி நிவாரணியைப் போல அறிகுறியை மூடிவைத்து ஆபத்தை மறைக்கிறது என்று பலர் நம்புகிறார்கள். அது தவறு. சிறுநீரகங்கள் சில நாட்களில் செய்யும் வேலையை, பைகார்பனேட்டை வெளியேற்றும் வேலையை, அது விரைவுபடுத்துகிறது, அவ்வளவுதான். ஏறுவதற்கு முந்தைய நாள் தொடங்கி 125 மில்லிகிராம் இருவேளை என்பது வழக்கமான தடுப்பு அளவு. விரல் நுனிகள் மரத்துக் குறுகுறுக்கும், அடிக்கடி சிறுநீர் வரும், சோடா குடித்தால் சப்பென்று இருக்கும். இவை பயப்பட வேண்டியவை அல்ல.

செப்ட்ரானில் இருப்பது சல்ஃபா வகை நுண்ணுயிர்க்கொல்லி. டயமாக்ஸுக்கு வேதியியலில் அதோடு தூரத்து உறவு உண்டு, ஆனால் அதற்கு ஒவ்வாமை உள்ளவருக்கு இதுவும் ஒவ்வாது என்பது அரிது. நீங்கள் கவனிக்காத ஒன்றைச் சொல்கிறேன்: நான்கு ஆண்டுகளாகத் தினமும் விழுங்கும் ஹைட்ரோகுளோரோதயசைடும் அதே தூரத்து உறவைச் சேர்ந்ததுதான், உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. இது முழு உத்தரவாதம் அல்ல, நல்ல அறிகுறி. அன்று வந்தது வெறும் தடிப்புதானா, அல்லது வாய்ப்புண், தோல் உரிதல், மூச்சுத் திணறல், முகவீக்கம் ஏதாவது கூடவே இருந்ததா என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். அப்படி ஏதும் இருந்திருந்தால் டயமாக்ஸ் வேண்டாம். இல்லையென்றால், மருத்துவர் சம்மதத்தோடு ஊரிலேயே, மருத்துவமனை பக்கத்தில் இருக்கும்போது, இரண்டு நாள் எடுத்துப் பார்த்துவிட வேண்டும். ஒவ்வாமையை நாம்சேயில் போய்க் கண்டுபிடிக்கக் கூடாது.

இன்னொன்று: இந்த மருந்தும் இரத்தத்தைச் சற்று அமிலத்தன்மை பக்கம் நகர்த்துகிறது. டாபாகிளிஃப்ளோசினும் இதுவும் ஒரே பையில் இருக்கக் கூடாது என்று நான் சொல்வது அதனால்தான். சிறுநீரகம் நன்றாக வேலை செய்கிறதா என்று தெரியாமல் மெட்ஃபார்மினோடு இதைச் சேர்க்கவும் கூடாது.

படிவத்தில் மறைப்பதும் காப்பீடும்

முகவரின் யோசனை உங்களுக்கு உதவுவதுபோல இருந்தாலும், பாதுகாப்பது அவருடைய முன்பதிவை மட்டும்தான். ஏற்கெனவே உள்ள நோயை மறைத்து எடுத்த காப்பீட்டில், ஹெலிகாப்டர் செலவைக் கேட்கும் நாளில் நிறுவனம் மறுப்பதற்கு நீங்களே காரணம் எழுதிக் கொடுத்தவர் ஆவீர்கள். அதைவிட முக்கியம், நீங்கள் பேச முடியாமல் கிடக்கும்போது வழிகாட்டியின் கையில் இருக்கும் ஒரே விவரம் அந்தப் படிவம். காப்பீட்டு ஆவணத்தில் எத்தனை மீட்டர் உயரம் வரை பொறுப்பேற்கிறார்கள் என்ற வரியையும் தேடிப் படியுங்கள். சாதாரண வெளிநாட்டுப் பயணக் காப்பீடு பல நேரங்களில் இவ்வளவு உயரத்துக்கான மலைநடையை ஏற்பதில்லை. ஹெலிகாப்டரையே பெரிதாக நம்பவும் வேண்டாம். இரவிலும் மூடிய வானத்திலும் அது வராது. தேவையில்லாத ஹெலிகாப்டர் மீட்புகளைக் காட்டிக் காப்பீட்டுப் பணம் பறித்த விவகாரத்தை 2018-இல் நேபாள அரசே விசாரிக்க வேண்டி வந்தது என்பதால், லேசான தலைவலிக்கே ஹெலிகாப்டரை அழைக்கலாம் என்று ஒருவர் அவசரப்பட்டால் அதையும் யோசித்துச் செய்யுங்கள். நடந்து இறங்க முடிகிறவர் நடந்து இறங்குவதே நல்லது.

அடையாள ஆவணமாக ஆதாரை மட்டும் எடுத்துப் போகாதீர்கள். விமானத்தில் நேபாளம் போக உங்கள் வயதுக்குக் கடவுச்சீட்டோ வாக்காளர் அட்டையோ வேண்டும்.

மகளோடு கிளம்புமுன் பேச வேண்டியது

உங்கள் இருவரில் ஒருவருக்கு முடியாமல் போனால் என்ன செய்வீர்கள்? கடிதத்தில் இதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. தலைவலியோடு பசியின்மை, குமட்டல், கிறுகிறுப்பு, அசாதாரணச் சோர்வு இவற்றில் ஏதாவது சேர்ந்தால், வேறு காரணம் நிரூபணமாகும் வரை அது உயர்மலை நோய்தான். அன்று மேலே போகக் கூடாது. அங்கேயே தங்க வேண்டும். ஒரு நாளில் சரியாகவில்லை என்றாலோ, கூடினாலோ இறங்க வேண்டும். குதிகாலும் விரல் நுனியும் ஒட்டும்படி நேர்கோட்டில் நடக்கச் சொல்லும்போது ஒருவர் தள்ளாடினால், அல்லது பேச்சு குழறினால், அது மூளை வீக்கம். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், இருமலோடு நுரை வந்தால், அது நுரையீரலில் நீர் கோத்தல். இந்த இரண்டிலும் விடியும் வரை காத்திருக்க நேரமில்லை. இருட்டானாலும் துணையோடு இறங்கத் தொடங்க வேண்டும். ஆக்சிஜனும் டெக்சாமெத்தசோன், நிஃபெடிபின் போன்ற மருந்துகளும் இறங்குவதற்கு உதவுபவை, இறங்குவதற்கு மாற்று அல்ல. பெரிச்சேயில் இமயமலை மீட்புச் சங்கம் நடைக்காலங்களில் நடத்தும் மருத்துவ நிலையம் உண்டு. பிற்பகல் வேளையில் உயர்மலை நோயைப் பற்றி அங்கே பேசுவார்கள், டிங்போச்சேயில் ஓய்வெடுக்கும் நாளில் ஒரு நடை போய்க் கேட்டுவிடுங்கள். நாம்சேக்கு மேலே குண்டேயில் 1966-இல் எட்மண்ட் ஹிலாரியின் முயற்சியில் தொடங்கிய மருத்துவமனையும் இருக்கிறது.

விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் லோபுசேயில் 80 என்று காட்டினால் கலங்க வேண்டாம். நன்றாக இருப்பவருக்கும் அங்கே அப்படித்தான் காட்டும், விரல் குளிர்ந்திருந்தால் இன்னும் குறைவாகக்கூடக் காட்டும். 90 காட்டுகிறதே என்று தலைவலியைப் புறக்கணிக்கவும் கூடாது. நான் ஒரு முறை அந்தப் பாதையில் போனபோது, டிங்போச்சேயில் வந்த தலைவலியை வெயில் என்று வழிகாட்டியிடம் சொல்லி மறைத்தேன். ஒரு மருத்துவர் அப்படிச் செய்தார் என்பதை வெட்கத்தோடுதான் எழுதுகிறேன். அவர் என் தட்டில் மிச்சமிருந்த சோற்றைப் பார்த்துவிட்டு, மறுநாள் புறப்பாட்டை ரத்து செய்தார். ஆகவே இருவரும் இரவில் ஒருவர் தட்டை ஒருவர் பாருங்கள். ஒருவர் இறங்கினால் மற்றவர் கூடவே இறங்குவதா, தொடர்வதா என்பதை ஊரிலேயே முடிவு செய்யுங்கள். இருவருக்கும் தனித்தனி உதவியாள் இருந்தால் மட்டுமே தொடர்வதைப் பற்றிப் பேச முடியும். அதற்கான செலவையும் சேர்த்தே கணக்கிடுங்கள். தூக்க மாத்திரையும் மதுவும் இருவருக்கும் வேண்டாம்.

மூன்றாவது வழி ஒன்று

பதினைந்து நாள் விடுப்பு கிடைக்காது என்றாலோ, பரிசோதனைகளில் ஏதாவது தடை வந்தாலோ, ஒன்பது நாட்களை வைத்துக்கொண்டே டெங்போச்சே வரை மட்டும் நிதானமாகப் போய்வரலாம். பலருக்குத் தெரியாத ஒன்று: அடிவார முகாமிலிருந்து எவரெஸ்டின் உச்சி தெரிவதில்லை. டெங்போச்சே மடாலயத்தின் முற்றத்திலிருந்து, வானம் தெளிவாக இருந்தால், அது தெரியும்; பக்கத்திலேயே அமா தப்லாம் சிகரமும் நிற்கும். 3,860 மீட்டரும் உயர்மலைதான், மேலே சொன்ன எச்சரிக்கைகள் அங்கும் பொருந்தும். ஆனால் உங்கள் உடல் உயரத்தை எப்படித் தாங்குகிறது என்பதை ஆபத்து குறைந்த இடத்தில் தெரிந்துகொள்ளலாம். மனம்விட்டுச் சொன்னால், முதல் பயணத்துக்கு நான் சாய்வது இந்தப் பக்கம்தான்.

இப்போதைக்கு ஏற்பாட்டாளருக்கு முன்பணம் அனுப்ப வேண்டாம். முதலில் டிரெட்மில், விழித்திரை, பாதம், இரத்தத்தில் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின், சோடியம், பொட்டாசியம் ஆகியவற்றைப் பார்த்துவிடுங்கள். செப்ட்ரான் தடிப்பு எப்படிப்பட்டது என்பதற்கு வீட்டில் கிடைக்கும் பதிலையும் கிரியாட்டினின் அளவையும் எனக்கு எழுதுங்கள். டயமாக்ஸைப் பற்றிய மீதிப் பதிலை அந்த இரண்டையும் பார்த்த பிறகே சொல்ல முடியும்.